டோக்கியோவில் சுஷி சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் சுஷிக் கடைக்குள் முதல் தடவை நுழைகிறவர்களுக்காக இந்தப் பக்கம். கடை வகை, செலவு, முன்பதிவு, சாப்பிடும் முறை, சைவம், உடல்நலம் எல்லாம் இதில் இருக்கின்றன. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சுஷிக்குச் சோறுதான் உயிர். அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும் ஒரு சில நொடிகளுக்காகத்தான் இத்தனை கட்டுப்பாடுகளும்.

சுஷி என்றால் பச்சை மீன்தானே?

இல்லை. வினிகரும் உப்பும், பல கடைகளில் கொஞ்சம் சர்க்கரையும் கலந்த சோறு இருந்தால்தான் அது சுஷி. சோறு இல்லாமல் பச்சை மீன் துண்டு மட்டும் வந்தால் அதற்குப் பெயர் சஷிமி. கடைக்காரர்கள் சோற்றை ஷாரி என்றும், மேலே வைக்கும் மீனை நேதா என்றும் சொல்வார்கள்.

டோக்கியோவின் சொந்தச் சுஷி, கையால் பிடித்துத் தரும் நிகிரி. நகரத்துக்கு எடோ என்று பெயர் இருந்த 1820களில் இது தெருக்கடைத் தீனியாகப் பரவியது. இதை முதலில் செய்தவர் ஹனாயா யோஹே என்று சொல்வது வழக்கம். அப்போது குளிர்பெட்டி கிடையாது. எதிரே இருந்த விரிகுடாவில் பிடித்த மீனைக் கெடாமல் வைக்க உப்பிட்டார்கள், வினிகரில் ஊறவைத்தார்கள், சோயா சாஸில் போட்டார்கள், வேகவைத்தார்கள். அந்த வேலைப்பாடுதான் இன்று எடோமாயே பாணி. கோஹதா என்ற வெள்ளி நிறச் சிறு மீனை உப்பிட்டு வினிகரில் போட்டுத்தான் தருவார்கள். அனாகோ என்ற கடல் விலாங்கை இனிப்புக் குழம்பில் மெத்தென்று வேகவைப்பார்கள். இறாலை அவிப்பார்கள். சூரையின் சிவப்புச் சதையைச் சோயாவில் ஊறவைத்தால் அது ஸுகே. பச்சை மீன் ஒத்துக்கொள்ளாது என்பவர்கூட வேகவைத்த அனாகோவிலும் இறாலிலும் தொடங்கலாம். ஒரு கடையின் கைத்திறனை அறிய விலை உயர்ந்த சூரைக் கொழுப்பைவிடக் கோஹதாவே நல்ல அளவுகோல். உப்பு கொஞ்சம் கூடினாலும் வினிகர் கொஞ்சம் குறைந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த வகைக் கடைக்குப் போவது? எவ்வளவு ஆகும்?

தட்டுகள் நகரும் பட்டையில் வரும் சுழல் பட்டைக் கடைகளில் ஒருவர் வயிறாரச் சாப்பிட 1,500 முதல் 2,500 யென் ஆகும். ஸுஷிரோ, குரா ஸுஷி, ஹமா ஸுஷி, கப்பா ஸுஷி ஆகியவை பெரிய சங்கிலிக் கடைகள். ஒரு தட்டு 100 யென் (வரி தனி) என்பது பல காலம் இவற்றின் அடையாளமாக இருந்தது. ஸுஷிரோவும் குராவும் 2022 அக்டோபரில் அந்த விலையைக் கைவிட்டன. நகர நடுவில் உள்ள கிளைகளில் புறநகரைவிட விலை கூடுதல்.

அடுத்தது நின்றுகொண்டே சாப்பிடும் கடைகள். ரயில் நிலையங்களைச் சுற்றி நிறைய உண்டு. சமையல்காரர் கண்ணெதிரே பிடித்து ஒவ்வொன்றாகத் தருவார், நீங்களும் ஒவ்வொன்றாகக் கேட்கலாம். அரை மணி நேரத்தில் 2,000 முதல் 4,000 யென்னுக்குள் முடிந்துவிடும். முதல் தடவை வருகிறவருக்கு நாங்கள் சொல்வது இதுதான். விலை எழுதி மாட்டியிருக்கும், முன்பதிவு வேண்டாம், சோறும் சூடாக இருக்கும்.

உட்கார்ந்து சாப்பிடும் தெருமுனைக் கடைகளில் மதிய நேரத்தில் தட்டுக் கணக்கில் தருவார்கள். பட்டியலில் நமி, ஜோ, தொக்குஜோ என்று மூன்று படி இருக்கும். சாதாரணம், உயர்வு, மிக உயர்வு என்று பொருள். மீனின் தரமும் வகையும் மாறுமே தவிர, சோறு மூன்றுக்கும் ஒன்றுதான். அதனால் நமி வாங்குவதில் குறைச்சல் எதுவும் இல்லை.

கடைசியாக, என்ன தருவது என்பதைச் சமையல்காரரே முடிவு செய்யும், எட்டுப் பத்து இருக்கைகள் மட்டுமே உள்ள ஒமகாசே கடைகள். இரவில் 15,000 யென்னில் தொடங்கி 40,000 யென்னைத் தாண்டிப் போகும். அதே கையால் பிடித்த சுஷி மதியத்தில் பாதி விலைக்கோ அதற்கும் குறைவாகவோ கிடைக்கும் கடைகள் விலை உயர்ந்த பகுதியான கின்ஸாவிலேயே உண்டு. பணத்தைப் பார்க்கிறவர்கள் மதியத்தைப் பிடியுங்கள்.

ஒமகாசே என்றால் என்ன? நடுவில் எனக்குப் பிடித்ததைக் கேட்கலாமா?

“உங்களிடமே விட்டுவிட்டேன்” என்பது அந்தச் சொல்லின் பொருள். அன்று சந்தையில் கிடைத்ததை வைத்து வரிசையைச் சமையல்காரரே முடிவு செய்வார். தொடக்கத்தில் சில சிறு கறிகள், பிறகு பத்துப் பன்னிரண்டு நிகிரி, முடிவில் தமாகோ என்ற இனிப்பு முட்டைப் பதார்த்தம் என்பது பொதுவான போக்கு. மெல்லிய வெள்ளை மீனில் தொடங்கிக் கொழுப்பு மீனுக்குப் போவார்கள், நாக்கு மங்காமல் இருப்பதற்காக. வரிசை முடிந்ததும் “இன்னும் ஏதாவது வேண்டுமா” என்று கேட்பார். பிடித்ததை இன்னொன்று கேட்க அதுதான் நேரம். அது கூடுதல் செலவு.

வயிறு நிறைந்துவிடும் என்று பயந்தால் முதலிலேயே “ஷாரி சுகுனாமே தே” என்று சொல்லுங்கள். சோற்றைக் குறைத்துப் பிடிப்பார். சோற்றைத் தட்டில் விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது அவர் மனதை உண்மையிலேயே நோகச் செய்யும்.

முன்பதிவு எப்படிச் செய்வது?

நடுத்தரக் கடைகளுக்குத் தபேலோகு, டேபிள்செக் போன்ற தளங்களே போதும். கடன் அட்டை எண்ணைக் கேட்பார்கள். தபேலோகுவில் மதிப்பெண் கொடுப்பவர்கள் கறார்க்காரர்கள். ஐந்துக்கு 3.5 வாங்கிய கடையே நல்ல கடை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரத்துக் கட்டணத்தைப் படிக்காமல் பதிவு செய்யாதீர்கள். அன்றைக்கு ரத்து செய்தால் பல ஒமகாசே கடைகள் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும். எட்டு இருக்கைக்கு எண்ணி மீன் வாங்குகிறவருக்கு இரண்டு பேர் வராமல் போனால் அன்றைய வரவில் கால் பங்கு போய்விடும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறத் தொடங்கும் கடைகளில் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனால் அதுவரை வந்த உருப்படிகளை இழக்க நேரும். ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் இருங்கள். அரை மணி முன்னால் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

சில கடைகளுக்கு வெளியாள் முன்பதிவு செய்யவே முடியாது. கின்ஸாவின் சுகியபாஷி ஜிரோ கடையை 2019-ல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் வழிகாட்டி தன் பட்டியலிலிருந்து நீக்கியது. பொதுமக்கள் பதிவு செய்ய வழியில்லை என்பதே காரணம், உணவின் தரத்தைப் பற்றிய குறை எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கடைகளுக்காக மாதக்கணக்கில் அலைவதைவிட, நல்ல மதியக் கடைகள் இரண்டுக்குப் போய் வருவது மேல்.

சுழல் பட்டைக் கடையில் என்ன செய்ய வேண்டும்?

ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து போவதைப் பார்த்து, 1958-ல் ஒசாகா பக்கம் இந்த வகைக் கடையை முதலில் திறந்தார். ஆனால் தட்டுகள் சுற்றிச் சுற்றி வரும் காட்சியை எதிர்பார்த்துப் போனால் ஏமாறலாம். 2023 தொடக்கத்தில், மேசையில் இருந்த சோயா புட்டியை ஒருவர் நாக்கால் நக்கும் காணொளி பரவியது. அதன்பின் பல கடைகள் சுற்றுவதை நிறுத்திவிட்டு, கேட்டதை மட்டும் நேராக மேசைக்கு அனுப்புகின்றன.

வாசலில் ஓர் இயந்திரம் இருக்கும். எத்தனை பேர், மேசையா கவுண்டரா என்று அழுத்தினால் எண் சீட்டு வரும். சனி, ஞாயிறு மதியமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரலாம். செயலியில் முன்பே எண் எடுத்துக்கொள்வது நல்லது. உட்கார்ந்ததும் தொடுதிரையில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பல கடைகளில் ஒரு தடவைக்கு நான்கு தட்டுகள்வரைதான் கேட்க முடியும். அதுவே நல்லது, மொத்தமாகக் கேட்டால் கடைசித் தட்டு ஆறிவிடும். தட்டு வந்து நின்றதும் மணி ஒலிக்கும். குட்டி வண்டியில் தட்டு வரும் கடை என்றால், எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் வண்டி திரும்பிப் போகும். எடுத்த தட்டை எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப வைக்கக் கூடாது.

மேசை ஓரத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் கறுப்புப் பொத்தான். அது கை கழுவும் குழாய் அல்ல. கோப்பை விளிம்பால் அந்தப் பொத்தானை அழுத்தினால் கொதிக்கக் கொதிக்க நீர் கொட்டும். அதைக் கை கழுவ என்று நினைத்து விரலை நீட்டிச் சுட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. குழந்தைகளை அந்தப் பக்கம் உட்கார வைக்காதீர்கள். பக்கத்து டப்பாவில் பச்சைத் தேயிலைத் தூள் இருக்கும். முதலில் அரைக் கரண்டி தூள், பிறகு வெந்நீர், ஒரு கலக்கு. தூளை நிறையப் போட்டால் கசந்துவிடும். அதை வசாபி (பச்சை நிறக் காரப் பசை) என்று நினைத்துச் சோயாவில் கலப்பதும் நடக்கிறது.

இந்தக் கடைகளில் பெரும்பாலும் வசாபி இல்லாமல்தான் சுஷி வரும், வேண்டுகிறவர்களுக்குச் சிறு பொட்டலங்கள் உண்டு. குரா ஸுஷியில் காலித் தட்டுகளை மேசையோரத் துளையில் போட வேண்டும். ஐந்து தட்டுக்கு ஒரு தடவை திரையில் ஒரு விளையாட்டு வரும், ஜெயித்தால் பொம்மை விழும். பிள்ளைகளை அழைத்துப் போக இது ஒன்றே போதும். முடிந்ததும் திரையில் கணக்கை முடித்து, மேசை எண்ணோடு வாசலில் பணம் கட்டுங்கள்.

கையால் சாப்பிடலாமா?

தாராளமாக. நிகிரியைக் கையால் எடுப்பது பழைய வழக்கம், அதில் மரியாதைக் குறைவு இல்லை. இடது கை கூடாது என்ற எண்ணமும் அங்கே இல்லை. ஆனால் நாம் சோற்றைப் பிசைந்து உருட்டும் பழக்கம் இங்கே உதவாது. நல்ல நிகிரி வெளியே பிடித்தும் உள்ளே காற்றோடும் இருக்கும், வாயில் போட்டதும் சோறு தானாக உதிர வேண்டும். அழுத்தினால் அது கெட்டியாகிவிடும்.

கட்டைவிரலும் நடுவிரலும் இரு பக்கமும், ஆள்காட்டி விரல் மீன்மேல் இலேசாகவும் இருக்கட்டும். அப்படியே பக்கவாட்டில் சாய்த்து, மீன் பக்கத்து ஓரத்தை மட்டும் சோயாவில் தொட்டு, மீன் நாக்கில் படும்படி ஒரே வாயில் போடுங்கள். சோற்றுப் பக்கம் தொட்டால் இரண்டு கெடுதி: சோறு சோயாவை உறிஞ்சி உப்புக் கரிக்கும், கிண்ணத்துக்குள்ளேயே உடைந்து விழும். குச்சியால் எடுப்பவர்களும் முதலில் நிகிரியைச் சாய்த்துப் படுக்க வைத்து, மீனும் சோறும் சேர இரு பக்கமும் பிடிக்க வேண்டும். மேலிருந்து குத்தினால் பிளந்துவிடும். விரல் துடைக்க மடித்த ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கும்.

கவுண்டரில் வைத்ததும் எடுத்துவிடுங்கள். படம் எடுத்து, கோணம் மாற்றி, இன்னொரு படம் எடுப்பதற்குள் சோறு ஆறும், கடற்பாசித் தாள் ஈரம் குடித்துச் சவசவத்துப் போகும். கடற்பாசி சுற்றிய உருப்படிகளுக்கு அரை நிமிடம்கூட அதிகம்.

சோயா, வசாபி, இஞ்சி: எதை எப்படி?

ஒமகாசே கடையில் பெரும்பாலும் சமையல்காரரே காய்ச்சிய சோயாவைத் தூரிகையால் தடவித் தருவார். மீன்மேல் பளபளப்பு தெரிந்தால் சோயாவைத் தொடவே வேண்டாம். அனாகோவின் மேல் இருக்கும் கருநிறப் பாகுக்கும் அப்படியே.

வசாபியை அவர் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் வைத்திருப்பார். கொழுப்பு கூடிய மீனுக்குக் கூடுதலாக வைப்பார், ஏனென்றால் கொழுப்பு அந்தக் காரத்தை அமுக்கிவிடும். வேண்டாம் என்றால் “சபி நுகி தே” என்று சொன்னால் போதும்.

காரி என்ற இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. சுஷிக்கு மேலே வைத்துத் தின்றால் மீனின் ருசி தெரியாது. சால்மன் முட்டை வைத்த உருப்படியைச் சாய்த்தால் எல்லாம் கொட்டிவிடும். அப்போது இஞ்சித் துண்டைச் சோயாவில் நனைத்து அதன் மேல் தடவிக்கொள்ளலாம்.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கடையைப் பார்த்துப் போக வேண்டும். கப்பா மாகி (வெள்ளரிச் சுருள்), நாத்தோ மாகி (நொதித்த சோயா மொச்சை), ஓஷின்கோ மாகி (மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய்), உமெக்யூ (புளித்த உமே பழமும் வெள்ளரியும்), கன்ப்யோ மாகி (காயவைத்த சுரைக்காயை இனிப்புச் சோயாவில் வேகவைத்தது), இனாரி (இனித்த டோஃபு பையில் சோறு) எல்லாம் உண்டு.

சிக்கல் தாஷியில் இருக்கிறது. தாஷி என்பது ஜப்பானியச் சமையலின் அடிச்சாறு. காய்ந்த சூரையைச் சீவிக் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் பழகிய மாசிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இனாரியின் டோஃபு, சுரைக்காய், முட்டை, மிசோ சூப் (நொதித்த சோயா விழுதில் செய்தது) இந்த நான்கிலும் அது பெரும்பாலும் கலந்திருக்கும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் சட்டென்று பிடிபடாது. கண்டிப்பான சைவர்களுக்கு வெள்ளரி, உமே, நாத்தோ ஆகியவை ஓரளவு பத்திரம். நாத்தோவோடு வரும் சாஸில் தாஷி இருக்கலாம், அதைத் தவிர்த்துவிட்டு வெறும் சோயா ஊற்றிக்கொள்ளுங்கள்.

“சைவம்” என்று மட்டும் சொன்னால் இறைச்சி சாப்பிடாதவர் என்றே பலர் புரிந்துகொள்வார்கள். “நிக்கு தோ சகானா வா தபேமசென். தாஷி மோ தமே தேசு” (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், தாஷியும் கூடாது) என்பதை ஜப்பானிய எழுத்தில் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். ஒமகாசே கடைக்கு என்றால் பதிவு செய்யும்போதே கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். மறுத்தால் வருத்தப்பட வேண்டாம், அவர் கையில் மீனைத் தவிர வேறு சரக்கே இருக்காது.

மது கலக்காத உணவுதான் வேண்டும் என்றால்?

காய்ச்சிய சோயாவிலும் அனாகோ பாகிலும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சாக்கே என்ற அரிசி மதுவும் சேர்ப்பது சாதாரணம். பச்சை மீன் நிகிரிக்கு வெறும் சோயா கேட்கலாம். ஆனால் புட்டிச் சோயாவிலேயே மதுசாரம் சேர்த்தவை உண்டு. ஹலால் கடைப்பிடிப்பவர்கள் அதற்கென்றே நடக்கும் கடைகளைத் தேடுவதுதான் சரி. சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதைக் குளூட்டன் ஒவ்வாதவர்கள் மறக்க வேண்டாம்.

பச்சை மீனால் வயிற்றுக்கு ஏதாவது ஆகுமா?

கவனிக்க வேண்டியது அனிசாகிஸ் என்ற புழு. கானாங்கெளுத்தி வகை, கணவாய், சூரை வகைகளில் இருக்கக்கூடும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீள வெள்ளை நூல்போல இருக்கும். வினிகர், உப்பு, வசாபி எதற்கும் சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும் என்பது ஜப்பான் சுகாதார அமைச்சகம் தரும் கணக்கு. நல்ல கடையில் வெளிச்சத்தில் பார்த்து அகற்றுகிறார்கள். கணவாயில் நுண்ணிய கீறல்கள் போடுவது மெல்ல எளிதாக்கவும் புழுவை அறுக்கவும் உதவுகிறது.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் சுரீர் சுரீரென்று பொறுக்க முடியாத வலி வந்தால், வாயு என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போய் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். குழாய்க் கேமராவால் புழுவை எடுத்தவுடன் வலி அடங்கும்.

கர்ப்பிணிகளுக்குப் பாதரசம் இன்னொரு கவலை. நீலத்துடுப்புச் சூரையை வாரத்துக்கு 80 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறது அதே அமைச்சகம். ஒரு நிகிரியில் மீன் ஏறக்குறைய 15 கிராம், கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பச்சை மீனே வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வேகவைத்த இறால், அனாகோ, முட்டை எல்லாம் கைவசம் இருக்கின்றன.

எந்தக் கிழமை போகக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை டோயோசு மீன் சந்தை மூடியிருக்கும். பல புதன்கிழமைகளிலும் விடுமுறை. அதனால் நல்ல கடைகள் பல அந்த நாட்களில் திறப்பதில்லை. மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரில் சுகிஜியிலிருந்து டோயோசுவுக்கு மாறிவிட்டது. சுகிஜியில் வெளிச்சந்தை இன்னும் இருக்கிறது, கூட்டமும் அங்கேதான். ஏலம் பார்க்க வேண்டுமானால் யுரிகமோமே ரயிலில் ஷிஜோமாயே நிலையத்தில் இறங்க வேண்டும்.

எந்த மாதத்தில் எதைக் கேட்பது?

பனிக்காலத்தில் புரி என்ற கொழுத்த மீன். வசந்தத்தில் கத்ஸுஓ என்ற சூரை வகையின் முதல் வரவு, அது மெலிந்தது. இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரும்பி வரும் கத்ஸுஓ. கோடையில் கடல் முள்ளெலியின் உள்ளிருக்கும் மஞ்சள் உனியும், கோஹதாவின் குஞ்சான ஷின்கோவும். இக்குரா என்ற சால்மன் முட்டைக்கு இலையுதிர் காலம். பச்சைச் சால்மன் பழைய பாணிக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. நார்வே 1980களில் ஜப்பானில் விற்க முயன்ற பிறகே அது சுஷியில் ஏறியது.

உடை, வாசனை, படம் பற்றி?

சாதாரண நல்ல உடை போதும். சென்ட், அத்தர், தலையில் மல்லிகை மூன்றையும் அன்று தவிர்த்துவிடுங்கள். எட்டுப் பேர் தோளோடு தோள் உட்காரும் அறையில் ஒருவரின் மணம் எல்லோரின் மீனையும் மறைத்துவிடும். கவுண்டர் பெரும்பாலும் பூச்சு இல்லாத ஹினோகி மரப்பலகை, மெல்லியது. வளையலும் கடிகாரமும் உரசினால் கீறல் விழும், கைபேசியைக் கவிழ்த்து வைத்தாலும் விழும். கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம், சமையல்காரரின் முகமும் பக்கத்து விருந்தினரும் படத்தில் வேண்டாம்.

பில், டிப்ஸ்?

டிப்ஸ் கிடையாது. வைத்துவிட்டு வந்தால் தெருவரை ஓடிவந்து திருப்பித் தருவார்கள். சில உயர்தரக் கடைகளில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேரும். பில் கேட்க “ஓகைகே ஒனெகாய்ஷிமாசு” என்று சொல்லுங்கள். பழைய புத்தகங்களில் வரும் “ஓஆய்சோ” கடைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லும் சொல், விருந்தினர் வாயில் பொருந்தாது. சோயாவுக்கு முரசாகி, தேநீருக்கு அகாரி என்பதும் அப்படியே. எழும்போது “கோச்சிசோ சமா தேஷ்தா” (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லுங்கள், கடைக்காரர் முகம் மலரும்.

மிச்சத்தைப் பார்சல் கட்டித் தருவார்களா?

கவுண்டரில் மாட்டார்கள், வெளியே கெட்டுப்போனால் பொறுப்பு அவர்களுடையது. சங்கிலிக் கடைகளில் தனியாகப் பார்சல் வாங்கலாம். உள்ளே சாப்பிட்டால் 10 சதவீதம், பார்சலுக்கு 8 சதவீதம் வரி. வாங்கிய சுஷியைக் குளிர்பெட்டிக்குள் தள்ளினால் சோறு விறைத்து அரிசிக்கல் போலாகிவிடும், வெளியே வைத்தால் மீன் கெடும். பனிக்கட்டிப் பையோடு வாங்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.